ஜெரால்டுக்காக நான் வாசித்துக் காட்டிய இரண்டு பேஸ் கிட்டார்கள்

1. மாவுக்கட்டோடு வந்தவன்

மேற்குத் தாம்பரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். கிட்டார் பகுதி என்னுடையது. விற்பது, ஸ்ட்ரிங் மாற்றுவது, வாசிக்க வாகாகச் செட்டப் செய்வது, "சும்மா பாக்கலாம்னு வந்தேன் அண்ணா" என்று வந்து இரண்டு மணி நேரம் ஆம்ப்பை அலறவிடுகிறவர்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது, எல்லாம் சேர்த்து. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் ஏதாவது எழுதச் சொன்னார்கள். நன்றாக விற்ற கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தப்பாக விற்ற ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஷட்டரைத் தூக்கி ஃபேன் போடுவதற்குள் ஜெரால்டு வந்து நின்றான். இடது கையில் மாவுக்கட்டு. வலது தோளில் கிட்டார் பை. பையைத் திறந்து பார்த்தால் கீழ்ச் சுரங்கள் வாசிக்கிற அவனுடைய பழைய பேஸ் கிட்டாரின் கழுத்து முறிந்து, நாலு கம்பியும் கொடிக்கயிறு மாதிரித் தொங்கின. முந்தின வாரம் மழையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி சறுக்கி, ஆளும் கிட்டாரும் ஒன்றாக விழுந்திருக்கிறார்கள்.

"ஒட்டலாமா மச்சான்?" என்றான்.

"எதை? கையையா, இதையா?"

"கை ஒட்டிக்கும்னு டாக்டர் சொல்ட்டாரு. மோதிர விரலும் சுண்டு விரலும்தான். அஞ்சு வாரத்துல கட்டு பிரிச்சிருவாங்க. இதச் சொல்லு."

நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. "இது அவ்ளோதாண்டா" என்றேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஜெரால்டும் நானும் ஒரே வயது. இருபது இருபத்திரண்டு வயதில் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தோம். நான்தான் முதலில் பேஸ் வாசித்தேன். கல்யாணம் ஆனதும் மாதச் சம்பளம் வேண்டுமென்று கடைக்கு வந்துவிட்டேன். என் இடத்துக்கு அவன் வந்தான், அப்புறம் வேறு வேலையே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், முகூர்த்த நாளில் ரிசப்ஷன் கச்சேரி, நடுவில் ரெக்கார்டிங், எப்போதாவது ஓட்டலில் இங்கிலீஷ் பாட்டு. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கிட்டார். இரண்டு வைத்துக்கொள்ள வசதி கிடையாது. இந்தத் தடவை நல்லதாக ஒன்று வாங்க அவனுடைய தம்பி உதவுவதாகச் சொல்லியிருந்தான்.

"வாழ்க்கையில ஒருவாட்டிதான் இப்டி வாங்க முடியும். எல்லாத்துக்கும் பேசுற மாதிரி ஒண்ணு குடு" என்றான்.

2. இரண்டும் நல்ல கிட்டார்தான்

அப்போது கடையில் உயர்ரக பேஸ் கிட்டார் இரண்டு இருந்தன. இந்த விலைக்கு இங்கே யாரும் வாங்கமாட்டார்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் முதலாளி எடுத்துப்போட்டவை.

ஒன்று ஃபோர் ஸ்ட்ரிங், அதாவது நாலு கம்பி. உள்ளே பேட்டரி, கீட்டரி எதுவும் கிடையாது. கம்பியின் ஒலியை வாங்க இரண்டு பிக்கப், திருக மூன்று நாப், அவ்வளவுதான். கழுத்து ஒல்லி. ஜெரால்டின் உடைந்துபோன கிட்டாருக்கு அண்ணன் என்று சொல்லலாம். இன்னொன்று ஃபைவ் ஸ்ட்ரிங். உள்ளே பேட்டரி, வெளியே வரிசையாக நாப், வழக்கமான நாலு கம்பிக்கு மேலே இன்னும் தடியாக ஒரு கம்பி. கழுத்து அகலம்.

எல்லா வகை வாசிப்புக்கும் எது சரி? ஃபைவ் ஸ்ட்ரிங் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நம் ஊர் மேடையில் பாடகர் மைக்கைப் பிடித்த பிறகுதான் "தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுகாரர் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பேஸ்காரன் பாடு திண்டாட்டம். நாலு கம்பியின் அடிமட்டச் சுரமே மூன்று கட்டைதான். மூன்று கட்டைப் பாட்டு இரண்டரைக்கு இறங்கினால், அந்த ஆதார சுரம் நாலு கம்பியில் கீழே இருக்காது. மேலே தேடிப் பிடித்து வாசிக்க வேண்டும், பாட்டு வற்றிப்போகும். அஞ்சாவது கம்பியில் அது கீழேயே இருக்கிறது. ஜெரால்டின் குழுத் தலைவரும் கீபோர்டுகாரருமான தயாளன் அண்ணாவும் அவனிடம் "அஞ்சு கம்பியாப் பாத்து வாங்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆனால் நாலு கம்பியிலேயே இதற்கு ஒரு வழி உண்டு. தடிக் கம்பியை முறுக்கும் சாவியை, அதாவது ட்யூனிங் கீயைக் கழற்றிவிட்டு, சின்ன லீவர் வைத்த கீ ஒன்றைப் பொருத்தலாம். விரலால் தட்டினால் அந்தக் கம்பி ஒரு கட்டை இறங்கும். திருப்பித் தட்டினால் பழையபடி ஏறிக்கொள்ளும். கால் மணி நேர வேலை. அதற்கு முன்பே ஒருவருக்கு வரவழைத்துப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன்.

அதை ஜெரால்டிடம் நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று வேறு யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. கமிஷனுக்காக இல்லை. எங்கள் கடையில் அந்த வழக்கமே கிடையாது. அந்த ஃபைவ் ஸ்ட்ரிங் வந்த நாளிலிருந்து நான் அதை ஆசை ஆசையாக செட்டப் செய்து, மத்தியானம் கடை காலியாக இருக்கும்போதெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டும். வாங்க வக்கில்லை. ஜெரால்டு வாங்கினால் அது நம் கண் முன்னாலேயே இருக்கும், நாம் செட்டப் செய்த கிட்டார் நாலு மேடையில் பேசும் என்று ஒரு நப்பாசை.

பேஸ் விற்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. வாசிக்கிறவன் காதுக்குப் பேஸ் சரியாகக் கேட்காது, தள்ளி நிற்கிறவனுக்குத்தான் கேட்கும். அதனால் முதலில் வாங்க வந்தவர் வாசிப்பார். பிறகு நாங்கள் வாசிப்போம், அவர் வாசல் பக்கம் போய் நின்று கேட்பார். ஜெரால்டுக்குக் கையில் மாவுக்கட்டு. முதல் பாதி நடக்கவே இல்லை.

நான் ஃபோர் ஸ்ட்ரிங்கை வாசித்தேன். குறை வைக்கவில்லை, மனசும் வைக்கவில்லை. பிறகு ஃபைவ் ஸ்ட்ரிங்கை எடுத்தேன். அடேயப்பா, அன்றைக்கு வாசித்த மாதிரி நான் மேடையில்கூட வாசித்ததில்லை. சர்ச் பாட்டு, டப்பாங்குத்து, மெலடி என்று மாறி மாறி வாசித்தேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். வாசலில் ஜெரால்டு அசையாமல் நின்று கேட்டான். குழுவை விட்டு வந்த பிறகு நான் வாசித்து அவன் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"செம்ம மச்சான். ஆனா எனக்கு அந்த நாலு கம்பிதான் வூட்டு சாப்பாடு மாதிரி கீது" என்றான்.

"காலத்துக்கும் அதையே சாப்பிடுவியா?"

"கழுத்து அகலமா கீதே. இந்தக் கைய வச்சிகினு..."

"பழகிடும்டா. ரெண்டு வாரம்."

அவன் மாவுக்கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீ சொன்னா சரி" என்றான்.

3. கூடுவாஞ்சேரி ரிசப்ஷன்

கட்டு பிரித்தார்கள். விரல்கள் மடங்கின, ஆனால் முன்போல விரியவில்லை. ஒரு மாதம் வீட்டில் பழகிவிட்டு, "கூடுவாஞ்சேரில ஒரு ரிசப்ஷன், வந்து கேளு" என்று என்னைக் கூப்பிட்டான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பெருமையாகப் போனேன்.

முதல் இரண்டு பாட்டு சமாளித்தான். மூன்றாவதில் பாடகர் திரும்பி, அரைக் கட்டை இறக்கச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், இதற்காகத்தானே வாங்கியது என்று. அவசரத்தில் ஜெரால்டின் கைக்குப் பழைய கணக்குதான் வந்தது. இத்தனை வருஷமாக மேலே இருக்கிற தடிக் கம்பி அவனுக்கு ஒன்று, இப்போது மேலே இருப்பது வேறு. ஒரு கம்பி தள்ளிப் பிடித்துவிட்டான். ஓட்டம் முழுக்க வேறு சுரங்களில் விழுந்தது. பாடகர் திரும்பிப் பார்த்தார். சுதாரித்துக்கொண்டு சரியான இடத்துக்குப் போனான், அங்கே அகலமான கழுத்தில் சுண்டு விரல் எட்டவில்லை. அந்தச் சுரம் விழுந்தும் விழாமலும் போனது. பந்தியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மேடையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

இடைவேளையில் தயாளன் அண்ணா மேடைக்குப் பின்னால் வந்தார். "இன்னாடா ஜெரால்டு, பாட்டு எங்க போவுது, நீ எங்க போற?"

"புது கிட்டார் அண்ணா. கை இன்னும்..."

"புதுசுன்னா வூட்ல பழகிக்கோ. மேடையில பழகாத."

அவர் சொன்னபடிதான் அஞ்சு கம்பி வாங்கினான் என்று நானாவது வாயைத் திறந்திருக்கலாம். கையில் ஐஸ்கிரீம் கப்பை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அதற்குப் பிறகு ஜெரால்டு அநேகமாக வாரா வாரம் கடைக்கு வந்தான். கம்பியின் உயரத்தைக் குறைத்தேன், மெல்லிய ஸ்ட்ரிங் போட்டேன், தோளில் மாட்டும் பட்டையைச் சரிசெய்தேன். கிட்டாரில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு வாரம் என்றேன், ஆறு மாதம் ஆயிற்று. தயாளன் அண்ணா பேஸையும் கீபோர்டிலேயே இடது கையால் ஒப்பேற்றத் தொடங்கினார். ரெக்கார்டிங்குக்கு யாரும் கூப்பிடவில்லை. சர்ச்சில் மட்டும் மெதுவான பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தான்.

4. கேட்டான், சொன்னேன்

ஒருநாள் சர்ச்சுக்கு வெளியூர்க் குழு ஒன்று வந்திருக்கிறது. மறுநாள் ஜெரால்டு கடைக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நேத்து ஒருத்தன் நாலு கம்பி வச்சிருந்தான் மச்சான். சாவிகிட்ட ஒரு லீவர். டக்குனு தட்டறான், கம்பி ஒரு கட்டை கீழ போவுது. இன்னா சூப்பரா கீது தெரியுமா?" ஒரு வாய் டீ குடித்தான். "உனக்குத் தெரியுமா அது?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. "தெரியும்" என்றேன்.

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

கடையிலிருந்த அந்த ஃபோர் ஸ்ட்ரிங் இதற்குள் விற்றுப்போயிருந்தது; அன்று சாயங்காலமே அதை வாங்கியவருக்குப் போன் செய்தேன். சிறுசேரியில் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர். ஃபைவ் ஸ்ட்ரிங்குக்கு மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டேன். "ஹால் சுவத்துல மாட்டியிருக்கேன் சார், பாக்க நல்லாருக்கு, விட மனசில்ல" என்றார். வாசிக்கிறீர்களா என்று கேட்டேன். இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

5. மறுபடியும் கடையில்

ஒரு வருஷத்துக்கு மேல் ஜெரால்டு வரவில்லை. கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை, நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, ஃபைவ் ஸ்ட்ரிங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். விற்க வேண்டுமாம். வாங்குகிற ஆளையும் அவனே வரச் சொல்லியிருந்தான். மேடவாக்கத்திலிருந்து ஒருவர், நாற்பது வயதிருக்கும், அவரும் சர்ச்சில் வாசிப்பவர்.

ஜெரால்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "நீ வாசிச்சுக் காட்டு மச்சான். அன்னிக்கு எனக்கு வாசிச்ச மாதிரி வாசி. ஒடனே எடுத்துருவாரு" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்குப் பணம் தேவைப்பட்டது.

கிட்டாரை மடியில் வைத்து ட்யூன் செய்தேன். எனக்குக் கை ஓடவில்லை. கிட்டாரை வந்தவரிடமே நீட்டி, "நீங்களே வாசிச்சுப் பாருங்க சார். உங்க கைக்குத்தான் வாங்கறீங்க" என்றேன். அகலமான கழுத்து, அஞ்சு கம்பிக்குப் பழக்கம் வேண்டும், நாலு கம்பியிலேயே லீவர் போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கால் மணி நேரம் தடவித் தடவி வாசித்துப் பார்த்துவிட்டு, "நான் நாலே வச்சுக்கறேன் சார், நல்ல வேளை சொன்னீங்க" என்று எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

செய்தது சரி என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். திரும்பினால் ஜெரால்டு நின்றுகொண்டிருந்தான்.

"அவன் யாரு உனக்கு?" என்றான். "மொதல் தடவையா மூஞ்சியப் பாக்கற. அவனுக்கு எல்லாத்தையும் சொல்ற."

"இல்லடா ஜெரால்டு..."

"எனக்கும் இதேதான் மச்சான் சொல்லியிருக்கணும். இதே ஸ்டூல்லதான் உக்காந்துகினு இருந்தேன்."

கிட்டாரைப் பையில் வைத்து, விரியாத விரல்களோடு ஜிப்பை இழுத்தான். பாதியில் சிக்கிக்கொண்டது. நான் உதவப் போனேன். "வேணாம், உடு" என்றான்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கை சரியில்லாதவர் வந்தால், கை சரியான பிறகு வரச் சொல்லுங்கள். அவருக்காக நீங்கள் வாசிக்காதீர்கள். அப்படியே வாசித்துவிட்டாலும், உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நான் அன்று மேடவாக்கத்துக்காரரிடம் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அதனால் ஜெரால்டுக்கு இரண்டாவது தடவையும் நஷ்டம்தான். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை.