வக்கீல் கையில் கருவேலங்காம்பு

போன சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டை மைதானத்தில் நான் ஒரு பந்தை ஓங்கி அடித்தேன். அது எவ்வளவு தூரம் போனது தெரியுமா? என் நிழலைக்கூடத் தாண்டவில்லை!

கோல்ப் என்று ஒரு சீமை ஆட்டம். இரும்புத் தலை வைத்த கம்பால் எலுமிச்சங்காய் அளவுப் பந்தை அடித்து அடித்து, எங்கேயோ இருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். எஞ்சினீயர் துரையோடு ஜோடி ஆடியவர் மாற்றலாகிப் போனதிலிருந்து, சனிக்கிழமைதோறும் துரை என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

எனக்கோ கோர்ட் முடிந்தால் வீட்டில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. கால் பரபரக்கும். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் நான். இந்த ஆட்டம் வந்த பிறகுதான் மனுஷனாக இருக்கிறேன். சனிக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளை எப்படித் தள்ளுவது?

அதற்குத்தான் ஆபத்து வந்தது. துரை கொடுத்திருந்த கம்பின் காம்பைக் கரையான் அரித்துவிட்டது. இரும்புத் தலை மட்டும் மிச்சம். சீமையிலிருந்து புதுக்காம்பு கப்பலேறி வர மாசக்கணக்கு ஆகும். சனிக்கிழமைக்கோ நாலே நாள்! அந்த இரும்புத் தலையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் ஓடினேன்.

எங்கள் பக்கத்து ஆசாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மண்வெட்டிக்குக் காம்பு போடுவதானால்கூட, வெட்டப்போகிற ஆளை இரண்டு வெட்டு வெட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மரத்தைத் தொடுவார்கள். இவரும் அதையே கேட்டார்.

“வக்கீலய்யா, ஒரு வீச்சு வீசிக் காட்டுங்க.”

நடுத்தெருவிலா? தலைப்பாகையும் அல்பாகா கோட்டுமாகவா? எதிரே என் சீவலப்பேரிக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வண்டிமாட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வெறுங்காற்றை அடிப்பதைப் பார்த்தால் கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா?

“அதெல்லாம் வேண்டாம்வே. நம்ம வீச்சு பலமான வீச்சு. துரையைவிட வேகம். அதுக்குத் தக்கன செய்யும்.”

“பாக்காம எப்படிய்யா செதுக்க?”

“சொல்லுதேன்லா! சீக்கிரம் ஆகட்டும்.”

ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பலமான வீச்சென்றால் வளையாத மரம்தான் தாங்கும் என்று, வைரம் பாய்ந்த கருவேலத்தில் சீவிக் கொடுத்தார். பார்க்க ராஜகம்பீரம். நானும் அப்படித்தான் நடந்துபோனேன்.

சனிக்கிழமை முதல் அடியிலேயே கை முழங்கைவரை மரத்துப் போயிற்று. பந்து உருண்டு நின்றது. இரண்டாவது அடி... மூன்றாவது... துரை கடிகாரத்தைப் பார்த்தார். அவமானத்தில் காது சுட்டது. ஆட்டம் முடிந்ததும், அடுத்த வாரம் எனக்குப் பதிலாக டாக்டரை ஆடக் கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னார் — சிரித்துக்கொண்டே. டாக்டர் எனக்குப் பழைய சிநேகிதர்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆசாரி வீட்டு வாசலில் நின்றேன்.

“என்னவே கம்பு செஞ்சீரு? பந்து நகர மாட்டேங்கு!”

அவர் உளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “கம்புல குத்தம் இல்லய்யா. நீங்க சொன்ன ஆளுக்குத்தான் செஞ்சேன். அந்த ஆளு இன்னும் வரலையே.”

குறுக்கு விசாரணையில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்! அன்றைக்கு ஆசாரி என்னை மடக்கிவிட்டார். கோட்டைக் கழற்றிப் பட்டறைப் பலகையில் போட்டேன். தெருவில் இறங்கி வீசினேன். இன்னொன்று என்றார், வீசினேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி தராசை வைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்.

“அய்யாவுக்கு நாக்குதான் வேகம். கை பையத்தான் வருது” என்றார் ஆசாரி. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் — வேறு என்ன செய்ய?

பைய வருகிற கைக்குக் காம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டுமாம். வளைந்தது நிமிரும்போது கையில் இல்லாத வேகத்தை அது சேர்த்துக் கொடுக்குமாம். கல்மூங்கிலில் போட்டுத் தந்தார். செவ்வாய்க்கிழமை குறுக்குத்துறை ஆற்றுமணலில் அடித்துப் பார்த்தேன். பந்து பறந்தது! மருத மரத்தையெல்லாம் தாண்டி ஆற்றுக்குள் விழுந்து தொலைந்தே போனது. எனக்குத் துக்கமே இல்லை.

யோசித்துப் பாருங்கள். சட்டைக்கு அளவெடுக்கத் தையல்காரரிடம் உடம்பைக் காட்டுகிறோம். மற்ற எல்லாவற்றையும் நம் உடம்புக்கா வாங்குகிறோம்? நமக்கு இருப்பதாக நாமே நினைத்துக்கொண்டிருக்கிற உடம்புக்கல்லவா வாங்குகிறோம்!

சரி, ஞானம் வந்தது. சனிக்கிழமை போய்விட்டதே? இரண்டு நாள் வாசலுக்கும் கூடத்துக்கும் மறுபடி நடந்தேன்.

நேற்று டாக்டர் வந்தார். கையில் காம்பில்லாத இரும்புத் தலை ஒன்று. துரை கொடுத்ததாம்.

“உமக்குக் காம்பு போட்ட ஆசாரி யாருவே?”

சொன்னேன். தெருவில் நின்று வீசிக் காட்டச் சொல்லுவார், கூச்சப்படாமல் காட்டிவிடும் என்றும் சொன்னேன். சிநேகிதம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “தெருவுலயா? ஊரே எங்கிட்ட மருந்து வாங்குது, நான் நடுத்தெருவுல நின்னு குதிக்கவா? நம்ம வீச்சு பலமான வீச்சுன்னு வாயால சொன்னாப் போதாதா?”

நியாயமாக நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் வரப்போகிற சனிக்கிழமைகளெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

“தாராளமாப் போதும்வே” என்றேன்.