வரிசை கரையேறிய நாள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், கோட்டைக்குப்பத்தில் எல்லம்மா என்றொருத்தி இருந்தாள். ஏரியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். எல்லம்மாவின் வாய்க்கு ஓய்வு என்றால் அந்த நேரம் மட்டும்தான்.

கோட்டையிலிருந்த ஒல்லாந்துச் சிப்பாய் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் பிள்ளை என்பதால் மகள் ஜெசிந்தாவுக்குக் கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. நிறம் மட்டும் அம்மாவுடையது, நல்ல கறுப்பு. அங்கே அதுவே குற்றமாகிவிட்டது. ஒருநாள் கோட்டைக் கணக்கர் மகன் பீட்டரும் கூட்டாளிகளும் அவளைப் பிடித்து, "உன்னை வெள்ளையாக்குறோம்" என்று முகமெல்லாம் சுண்ணாம்பை அப்பினார்கள். கன்னம் வெந்து தோல் உரிந்தது.

எல்லம்மா ஈரப்புடவையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"பசங்க விளையாட்டும்மா," என்றார் வாத்தியார். "இனிமே உம் பொண்ணு வாசப்படிக்கு வெளிய உக்காரட்டும். வம்பு வராது."

கணக்கரும் அங்கேதான் நின்றார். மகனைக் கண்டிப்பார் என்று பார்த்தால், மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். கதை சொல்லும் எனக்கே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"பூசினவன் உள்ள, வெந்தவ வெளியவா? இன்னா நாயம் வாத்தியாரே இது? எம் பொண்ணு கறுப்புதான். அதுக்கு யாரும் வைத்தியம் பண்ண வாணாம்!" என்றாள் எல்லம்மா.

ஏரியில் வரிசையாக உட்கார்ந்து இறால் பிடிக்கும் பெண்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வரிசையில் ஒருத்திக்குக் கெளுத்தி மீனின் முள் குத்தினால் மொத்த வரிசையும் கரையேறும். அவள் தேறி வரும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மறுநாள் காலையில் எல்லம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம் பொண்ணுக்கு முள்ளு குத்திக்கிது," என்றாள்.

"ஏரியில குத்தலியேடி," என்று முனகினாள் வரிசைக்கு மூத்தவளான முனியம்மா. பிறகு ஜெசிந்தாவின் கன்னத்தைப் பார்த்தாள். தன் பறியைத் தூக்கி மணலில் எறிந்தாள்.

அந்த வாரம் கோட்டைத் தளபதி வீட்டில் விருந்து. இறால் கேட்டுச் சமையல்காரன் ஓடிவந்தபோது பெண்கள் கரையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"எம் பொண்ணு உள்ள உக்காரணும். அந்தப் பையன் தப்புனு சொல்லணும். அப்பால எறங்குறோம்னு போய்ச் சொல்லு," என்றாள் எல்லம்மா.

விருந்தாளிகளுக்குக் கருவாடா போடமுடியும்? தளபதி வாத்தியாரைப் பிடித்து உலுக்கினார். கணக்கர் தன் மகனைக் காதைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்தார். எல்லாம் இறாலுக்காகத்தான், வெந்த கன்னத்துக்காக அல்ல. எல்லம்மாவுக்கும் அது தெரியும். அவர்கள் மனசு திருந்தும்வரை அவள் மகள் வெளியே காத்திருக்க முடியாது.

பீட்டர் தரையைப் பார்த்து, "தப்புதான்," என்றான்.

"என்னப் பாத்து சொல்லு," என்றாள் ஜெசிந்தா.

பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் பலகையில் போய் உட்கார்ந்தான். வாத்தியார் அவள் முன்பு உட்கார்ந்த பலகையைக் காட்டினார். அவள் அங்கே போகவில்லை. நேராகப் பீட்டரின் பலகைக்குப் போய் நின்றாள்.

"நவுரு," என்றாள்.

அவன் நகர்ந்தான்.