அந்தக் கதிரையில் இருந்த சவரிமுத்து மாமா

அவர் வீட்டில் வைத்த பூக்கள் இன்னும் வாடியிருக்காது. இந்த நேரத்தில் இதை எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது.

ஆரா நகரில், எங்கள் கட்டடத்தின் பொதுச் சலவையறையில், எங்கள் வீட்டுக்குத் துவைக்கும் முறை வந்த நாளில்தான் அம்மாவின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. ஈரத் துணியைப் பிடித்தபடி வாசித்துவிட்டு, "சவரிமுத்து அண்ணை போயிட்டார்" என்றார். பிறகு இயந்திரத்தின் கதவை மூடினார். அழவில்லை.

நகரசபையின் குடியுரிமைக் குழுவில் இருந்த முதல் தமிழர் என்று அஞ்சலிகளில் எல்லோரும் எழுதுகிறீர்கள். உண்மைதான். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் இருந்தபடி எத்தனையோ பேருக்குக் குடியுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அம்மாவின் படிவத்தையும் அவரே நிரப்பினார். "பக்கத்து வீட்டுக்காரரோட எங்க கதைப்பீங்கள் எண்டு கேட்பினம். சலவையறையில எண்டு சொல்லுங்கோ, அவைக்குப் பிடிக்கும்" என்று சொல்லியும் கொடுத்தார்.

அயலவர்கள் கைதூக்கி ஒருவரைக் குடிமகனாக்கிய இந்த நாட்டின் வரலாற்றைப் படித்துத்தான் எங்கள் வீட்டின் முதல் பட்டத்தை வாங்கினேன். அந்தக் கைகளில் ஒன்று நம்முடையதானால் போதும் என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேன்.

அம்மாவும் நானும் சேர்ந்து விண்ணப்பித்தோம். நேர்காணலில் குழுவினர், மாமாவோடு ஐந்து பேர். அதே கேள்வியை மாமாவே ஜெர்மன் மொழியில் கேட்டார். அம்மாவுக்குப் பதில் தெரியும். பதற்றத்தில் அந்த ஜெர்மன் சொல் வரவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்து, "சலவையறையிலதானே அண்ணை?" என்றார்.

மற்ற நால்வரும் தாளிலிருந்து நிமிர்ந்தார்கள். மாமா அம்மாவைப் பாராமல், எங்களுக்குப் புரியும் மொழியில் பேசுங்கள் என்று ஜெர்மனில் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அம்மாவுக்கு மறுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அவரே வந்து, மறுப்புக்குத் தானும் கைதூக்கியதாகச் சொன்னார். "நான் இரக்கம் பார்த்தா நாளைக்கு ஒரு தமிழரையும் அந்தக் கதிரையில இருக்க விடமாட்டாங்கள், தங்கச்சி."

"நீங்கள் கதிரையை வச்சிருங்கோ அண்ணை," என்றார் அம்மா. "நான் நிண்டுகொள்ளுறன்."

அதன்பின் அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் நான் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்ற எனக்கு மனமில்லை. அவருடையதாக நான் வைத்திருப்பது அந்தப் படிவத்தின் பிரதி. "அயலவரோடு நன்றாகப் பழகுகிறார்" என்று அவர் எழுதிக் கொடுத்த வரி அதில் இருக்கிறது.

அம்மா மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். குழுவில் மாமாவின் இடத்துக்கு நம்மில் ஒருவர் வருவதாக அறிகிறேன். யாராக இருந்தாலும் உங்களிடம் கேட்கிறேன். சலுகை வேண்டாம். பயத்தில் அம்மா உங்களை அண்ணை என்றோ தங்கச்சி என்றோ கூப்பிட்டுவிட்டால், இவரை எனக்குத் தெரியும் என்று மட்டும் மற்றவர்களிடம் சொல்லுங்கள்.