சட்டை போட்ட சாமி

கால்சட்டைப் பொத்தான் எட்டவில்லை. சாமியாக இருந்த மழைக்காலம் முழுக்க, விதிப்படி உச்சிக்குப் பிறகு எதுவும் தின்னாமல் வெறும் தண்ணீர்தான் குடித்திருந்தான். இடுப்பு எப்படிப் பெருத்தது என்று பிரசெட்டுக்கு விளங்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் பொத்தானை மாட்டிக்கொண்டு தூண் மறைவிலிருந்து வெளியே வந்தான்.

விகாரைத் தரையில் அவன் அம்மா புவாலை உட்கார்ந்திருந்தாள். எதிரே விகாரையின் தலைமைத் துறவி, பெரிய சாமி. அவர் முன்னால் மண்டியிட்டு, 'துறவை விடுகிறேன், இனி என்னை இல்லறத்தான் என்று கொள்ளுங்கள்' என்று சற்று முன்புதான் பிரசெட் பாலி மொழியில் சொல்லியிருந்தான். செத்துப்போன அப்பாவுக்குப் புண்ணியம் சேர்க்கக் கட்டிய காவி. ஊரில் எல்லா ஆண்களும் ஒரு மழைக்காலத்துக்குக் கட்டிக் கழற்றுவதுதான்.

"டேய், எலும்பும் தோலுமா வருவேன்னு பாத்தா பன்னிக்குட்டி மாதிரி வர்றே!" மூன்று மாதமாக 'சாமி, நீங்க' என்று கூப்பிட்ட வாய். அவன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

"தொடாதம்மா."

"ஏன்டா?"

பிரசெட் பெரிய சாமியைப் பார்த்தான். "சொன்னேன் சாமி. ஆனா மனசாரச் சொன்னேனான்னு தெரியல. வாய் பாட்டுக்குச் சொல்லிச்சு. நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"தெளிஞ்ச மனசோட சொன்னாத்தான் செல்லும்," என்றார் பெரிய சாமி. "இல்லேன்னா நீ இன்னும் சாமிதான்."

"அப்ப இந்தக் கால்சட்டை?"

"அதான் எனக்கும் புரியல."

சாமியைப் பெண்கள் தொடக் கூடாது; புவாலை கையை இழுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டதும் கோபம் வந்தது. "இப்ப நீ... நீங்க யாரு? நான் திட்டலாமா, கூடாதா?"

"இன்னொரு தடவை சொல்லிடேன்ப்பா," என்றார் பெரிய சாமி.

மண்டியிட்டான். பொத்தான் தெறித்து ஓடியது. முதல் சொல் வந்தது, அடுத்தது வரவில்லை. கரும்பு லாரி ஓட்டுவது அவனுக்குப் பிடிக்கும். விடியலில் பிச்சைப் பாத்திரத்தோடு வெறுங்காலில் நடப்பதும் பிடித்துப்போயிருந்தது. அல்லது இரண்டுமே பிடிக்கவில்லையோ? எவ்வளவு துழாவியும் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

புவாலையின் போன் அடித்தது. லாரி முதலாளி. சாமியாக இருந்தால் பெண் நேரே கையில் கொடுக்கக் கூடாது. ஒலியைக் கூட்டி, பாயில் வைத்து ஒற்றை விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்குக் கரும்பு வெட்டு. வர்றியா இல்லையா? வரலேன்னா வண்டிய தாவோன்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் இந்தப் பருவம் முழுக்க அவன்தான்."

"வர்றேன்னு சொல்லு," என்று கிசுகிசுத்தாள் அம்மா.

பிரசெட் குனிந்தான். "தெரியலண்ணே."

"தெரியலன்னா என்னடா பதில்?"

"எங்கிட்ட அதுதாண்ணே இருக்கு. வண்டிய அவன்கிட்டயே குடுத்துடுங்க."

"காவி தலைக்கேறிடுச்சா?"

"அதுவும் தெரியலண்ணே."

போன் அணைந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிரசெட்டுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து சொன்னவற்றில் இது ஒன்றுதான் அவன் வாயும் அவனும் சேர்ந்து சொன்னது.

பெரிய சாமி உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்தார். காவி கட்டுவதற்கு முந்தைய நாள், சாமி ஆகப்போகிறவன் கட்டுகிற வெள்ளை. "தெரியற வரைக்கும் இதைக் கட்டிக்க."

"அது எப்பங்க தெரியும்?" என்றாள் புவாலை.

பெரிய சாமி பிரசெட்டைப் பார்த்தார். பிரசெட் வேட்டியைப் பார்த்தான்.

மறுநாள் காலை வெள்ளை கட்டிக்கொண்டு, பிச்சைக் கூடை சுமந்து, பெரிய சாமிக்குப் பின்னால் நடந்தான். தாவோன் லாரியைக் கோராட் நகருக்குப் போகும் சாலையில் ஓட்டிக்கொண்டு போனான், ஹாரன் அடித்தான். புவாலை வாசலில் மண்டியிட்டுப் பெரிய சாமியின் பாத்திரத்தில் ஒட்டரிசிச் சோறு இட்டாள். பிரசெட் வந்ததும் எழுந்திருக்கவா வேண்டாமா என்று பார்த்து, அரைகுறையாக எழுந்து, அவன் கூடையில் உப்பு மீன் வைத்தாள். பகலில் அவன் கிணற்றைத் தூர்வாரினான். சாயங்காலம் பசித்தது, ஒரு வாழைப்பழம் தின்றான். பெரிய சாமி பார்த்தார், தோலைப் போடக் கூடையை அவன் பக்கம் நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று; இருட்டில் காவியும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரிந்தன.