மூணாந் தண்ணி வரைக்கும்

“…அதனால அந்த ஒரு வார்த்தைய மட்டும் என் வாயால சொல்ல வெக்காதம்மா” என்றார் வீட்டுக்காரம்மா.

என் பெரிய பெண்ணுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்த காலை அது. அவளுக்கு அப்போது ஏழு வயது. மஞ்சளும் வேப்பிலையும் மணக்க, ஈரத் தலையோடு வாசற்படியில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒரு வார்த்தை ‘போ’. அம்மை வார்த்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்து அதைச் சொல்லக் கூடாது. விருந்துக்கு வந்திருக்கிற மாரியாத்தாள், தன்னைத்தான் விரட்டுகிறார்கள் என்று கோபித்துக்கொள்வாளாம். பதினைந்து நாளாக வீட்டுக்காரம்மாவின் தொண்டையில் நின்றுகொண்டிருந்த வார்த்தையும் அதுதான்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வைகாசியில் அவர் மகனுக்குக் கல்யாணம். வருகிற மருமகளுக்கு நாங்கள் குடியிருந்த பக்கத்து அறை வேண்டும். இரண்டு மாதம் முன்பே மரியாதையாகத்தான் கேட்டார். “இருக்க எடம் குடுத்தா படுக்கப் பாய் கேக்குற ஆளு இல்ல நீ. எனக்குத் தெரியாதா?” என்றார். இப்படிப் புகழ்ந்து கேட்டால் யாரால் மறுக்க முடியும்? பெரிய கோயிலின் மேற்குக் கோபுரமான பேகோபுரத்துப் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டோம். பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை குடிபோவதாகப் பேச்சு.

அந்த வாரம் திங்கட்கிழமை பெரியவளுக்குக் காய்ச்சல். மறுநாள் நெற்றியில் நீர் கோத்த மாதிரி இரண்டு கொப்புளம். சாயங்காலத்துக்குள் மார்பு, முதுகு எல்லாம். வீட்டுக்காரம்மா பார்த்தார். பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“முத்து போட்டிருக்கா என் தாயி. கட்டின மூட்டையெல்லாம் அவுத்து வைம்மா. அவளா எறங்குற வரைக்கும் யாரும் எங்கயும் நகரக் கூடாது.”

அவரே வேப்பங்கொத்து ஒடித்து வந்து எங்கள் நிலையில் செருகினார். மகனை அவன் மாமா வீட்டுக்கு அனுப்பினார். கடுகு வெடிக்கிற வாசனை அம்மாவுக்கு ஆகாது என்று தன் அடுப்பிலும் தாளிப்பதை நிறுத்தினார்.

என் வீட்டுக்காரர் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தார். அம்மை வீட்டிலிருந்து போய் ஊருக்கே சமைக்க முடியுமா? மெஸ்ஸிலேயே படுத்துக்கொண்டார். தினமும் மத்தியானம் எதிர்ச் சாரியில் வந்து நின்று பேசிவிட்டுப் போவார். மூன்றாவது நாள் அங்கிருந்தே சொன்னார்: “அந்த வீடு இல்லியாம். அம்மை வீட்டுப் பாத்திரம் பண்டம் எங்க வீட்டுக்குள்ள வேணான்னுட்டாங்க. சாவிய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.”

வேறு வீடு தேடினார். அவர் போகிற தெருவுக்கெல்லாம் எங்கள் சேதி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. “பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க?” என்று அவர் சொன்னதை நடுவில் போன ஜட்கா வண்டி பாதி விழுங்கிவிட்டது. கிராமத்தில் இருக்கிற என் தம்பிக்குக் கார்டு போட்டேன். சம்சாரம் முழுகாமல் இருக்கிறாள், இப்போதைக்கு வர வேண்டாம் என்று பதில் வந்தது.

ஆக, என் மகள் உடம்பில் இருந்த முத்துகள்தாம் எங்களுக்குக் கூரை. அவை இருக்கிற வரைக்கும் யாரும் எங்களைத் தெருவில் விட முடியாது.

ஐந்தாம் நாளும் காய்ச்சல் தணியவில்லை. டாக்டரிடம் காட்டலாமா என்றேன். “ஆத்தாளுக்கே ஊசி போடுவியா நீ?” என்று வீட்டுக்காரம்மா அதட்டினார். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பிள்ளையை விட்டுவிட்டு நான் மட்டும் தேரடித் தெருவுக்கு ஓடினேன். டாக்டர் என்னை வாசலிலேயே நிற்கவைத்து எல்லாம் கேட்டார்.

“சின்னம்மைதான், பயப்படாத. நகத்த வெட்டிடு, சொறிய விடாத. சின்னவளக் கிட்ட சேக்காத. பத்து நாள்ல எல்லாம் காஞ்சி போயிடும்.”

“கொஞ்சம் ஜாஸ்தி நாள் ஆகாதுங்களா சார்?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னாம்மா நீ? கம்மியாவணும்னுதான கேப்பாங்க?” கம்பவுண்டர் சிரித்துவிட்டார்.

காய்ச்சல் மாத்திரையும், அரிப்புக்கு ரோஸ் கலரில் ஒரு பூச்சு மருந்தும் கொடுத்தார்கள். மாத்திரையை இளநீரில் கரைத்துக் கொடுத்தேன். பூச்சு மருந்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடவினால் சீக்கிரம் காய்ந்துவிடுமோ என்பதுதான் நிஜம். பிள்ளை அரிக்குது அரிக்குது என்று துடித்தாள். நான் வேப்பிலையால் தடவிக்கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாளோ விடிந்தால் இளநீரோடு வருவார். நுங்கு வரும், மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழ் வரும். பிள்ளையைத் திருப்பிப்போட்டு, “முதுகுல பூரா காஞ்சிடுச்சி பாரு” என்பார். பார்வை அப்படியே காலண்டருக்குப் போகும். “விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். ஆத்தாளுக்கு மட்டும் அந்தக் கணக்கு கெடையாது. இருந்தாலும், கல்யாண வீடுன்னு அவளுக்கும் தெரியணும் இல்ல?” அதில் பாசம் எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. அவராலும் முடிந்திருக்காது.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பிள்ளைக்கு வார்த்தால் வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் வரும் என்பார்கள். சின்னவளுக்கு நாலு வயது. டாக்டர் சொன்னது காதில் இருக்கும்போதே, அவளை அக்காவின் பாயில், அக்காவின் போர்வைக்குள் படுக்கவைத்தேன். விடிந்ததும் கவுனைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வழவழவென்று இருக்கும். தொற்றினாலும் வெளியே தெரிய இரண்டு வாரம் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

“நீயும் அம்மா. அக்கா மேல இருக்கறதும் அம்மா. நான் யாரு சொல்றதக் கேக்கறது?” என்று ஒருநாள் சின்னவள் கேட்டாள். வீட்டுக்காரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ரெண்டு பேரு சொல்றதயும் கேளுடி, வாயாடி!” நான் சிரிக்கவில்லை. பார்த்த வயிற்றையே இன்னொரு தரம் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் முதல் தண்ணீர். பதினொன்றாம் நாள் இரண்டாவது. பதின்மூன்றாம் நாள், “அக்கா, இன்னும் ரெண்டு முத்து ஈரமா இருக்குது” என்றேன் வீட்டுக்காரம்மாவிடம். குனிந்து பார்த்தார். இரண்டும் காய்ந்துதான் இருந்தன. “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பதினைந்தாம் நாள் நான் எழுவதற்குள் அவரே தவலையில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்தில் வைத்திருந்தார். வெயிலில் அது வெதுவெதுப்பானதும் பூப்போல மொண்டு ஊற்றினார். எதிர்ச் சாரியில் என் வீட்டுக்காரர் கைவண்டியோடு வந்து நின்றார். கையில் வீடு இல்லை. ஒரு சத்திரத்தில் மூன்று நாள் தங்கலாம் என்று மட்டும் கேட்டுவைத்திருந்தார். அதற்குப் பிறகு எங்கே என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“அக்கா, இன்னும் ஒரே ஒரு வாரம்” என்று வீட்டுக்காரம்மாவின் காலைப் பிடிக்கப் போனேன். அவர் சட்டென்று பின்வாங்கினார். முத்து இறங்கிவிட்டாலும் ஆத்தாள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள் என்று ஆரம்பித்தவர், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வைக்காதே என்று முடித்தார். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் பெரியவளின் தலையை மறுபடியும் துவட்டினார். சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பெரியவளைக் கைப்பிடித்து எழுப்பி, இரண்டு பேரையும் தெருவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கைவண்டி பக்கத்தில் நின்றுகொண்டார், மூட்டை கட்ட எனக்குக் கை ஒழியட்டும் என்று.