லேமினேஷன் போட்ட விசிறி

மச்சானின் மகள் கல்யாணத்துக்கு நானே ஒரு மடக்கு விசிறி செய்து கொடுக்கப் போகிறேன் என்றதும் என் மனைவி முகம் சுளித்தாள். அவளுடைய அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் புத்தி இல்லை.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு மாதம் உட்கார்ந்து வேலை செய்தேன். மூங்கில் குச்சிகளைச் சீவி, வெண்பட்டு ஒட்டி, அதில் பிச்சாவரத்தை வரைந்தேன். விசிறியில் வரைவது காலண்டருக்கு வரைவது போல் அல்ல. மெல்ல விரிக்கும்போது முதலில் சுரபுன்னை வேர், பிறகு கருந்தண்ணீர், கடைசி மடிப்பில்தான் கொக்கு எழும்ப வேண்டும். அந்தப் பெண் அதைத் தன் கையாலேயே விரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்திரிகை வைக்க வந்த மச்சான், சீர்த்தட்டில் தானே வைப்பதாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு போனார். பெண்ணிடம் முன்கூட்டியே காட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை கடலூர் மண்டபத்தில், ஆப்பிள் தட்டுக்கும் லட்டுத் தட்டுக்கும் நடுவே அது விறைத்துக்கொண்டு பளபளத்தது. லேமினேஷன் செய்திருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். கொக்கின் கழுத்தில் காற்றுக் குமிழி. சூட்டில் வண்ணம் இளகி வேர்களின் மேல் ஈஷியிருந்தது. மூலையில் ஜிகினா எழுத்தில் மணமக்கள் பெயர் வேறு.

"மடக்கி மடக்கி விரிச்சா பெயின்ட் உதிர்ந்துடும் மாப்ள. இப்ப தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் பெருமையாக. குச்சிகள் மெஷினுக்குள் போகவில்லையாம். பிடுங்கிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். அவர் ஆசையோடுதான் செய்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால் அருவருப்பு இன்னும் ஜாஸ்தியானதே தவிர குறையவில்லை. சுற்றி நின்றவர்கள் பிரமாதம் என்றார்கள். நானும் தலையாட்டித் தொலைத்தேன். அந்தப் பிளாஸ்டிக்கை விட என் தலையாட்டல்தான் எனக்குக் கேவலமாகப் பட்டது.

அலங்காரம் முடிந்து வந்த மணப்பெண் தட்டின் முன் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிச்சாவரம் என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றாள். "ஆனா இத எதுக்கு அரை வட்டமா வரைஞ்சீங்க?"

சும்மாதான் என்றேன்.