மாமா செய்த சிங்க்

என் அக்கா வீட்டுக்காரர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். மலை, கடல், காடு என்று அவர் பார்க்காத இடம் கிடையாது. அக்கா பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர்தான். அங்கே அவள் தலைமை நர்ஸ். கல்யாணமான புதிதில், "நான் போற எடமெல்லாம் உனக்கும் காட்டறேன்" என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். ஒருவருக்கு லீவு என்றால் மற்றவருக்கு டியூட்டி. அந்த வாக்கு அப்படியே கிடப்பில் கிடந்தது.

இரண்டு பேருமே ஓய்வு பெற்ற பிறகு, மாமா ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றி என் தலையில் கட்டினார். நான் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன்; உறவுக்காரர்களுக்கு அது குப்பைத்தொட்டி. வேனுக்குள் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், ஜன்னலுக்குத் திரை மாட்டினார். குறை சொல்லியே பழகிய நான்கூட, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

முதல் பயணம் ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. மாமா சாலையோரம் வேனை நிறுத்தியிருக்கிறார். அக்கா ஒரு ஆரஞ்சை உரித்திருக்கிறாள். அதன் பிறகு பிசுபிசுத்த கையோடு தண்ணீர் பாட்டிலைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஒரு கைல பாட்டிலு, ஒரு கைல சோப்பு. அப்புறம் தேய்க்கறது யாருடா? கை கழுவறதுக்கு மூணு கையா வேணும்?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"மாமா ஊத்திவிட மாட்டாரா?"

"ஒவ்வொரு தடவையும் அவரக் கூப்பிட்டுக்கிட்டு நிக்க, நான் என்ன கைக்குழந்தையா? ஒழுங்கா கை கழுவ ஒரு வழி பண்ணிட்டுக் கூப்பிடச் சொல்லு. இல்லாட்டி தனியாவே போகட்டும். அவருக்குப் பழக்கம்தானே!"

நான் இதை அப்படியே போய்ச் சொன்னேன். கடைசி வார்த்தையில் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. தனியாகப் போவதற்கென்றால் அவருக்கு அந்த வேனே தேவையில்லை.

கடையில் விற்கிற சிங்க்கின் விலையைக் கேட்டுவிட்டு, மனிதர் நேராக என்னிடம் வந்தார். மாவு பிசைகிற எவர்சில்வர் பேசின் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடியில் ஓட்டை போட வேண்டும். "எவர்சில்வரு மாமா, எண்ணெய் விட்டு மெதுவாப் போடுங்க" என்றேன். மெதுவாகப் போவதென்றால் மாமாவுக்கு ஆகாது. டிரில்லைப் பேருந்து மாதிரி ஓட்டினார். புகை வந்தது, டிரில்லின் முனை மழுங்கியது, பேசின் குரங்கு கடித்த பழம் மாதிரி ஆனது. இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் பணிவாக எண்ணெய் விட்டார்.

அடுத்தது, பேசினைப் பதிக்க ஒரு மேல்பலகை. பேசினைப் பலகை மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். கோட்டின் மேலேயே அறுத்தும்விட்டார். விளிம்பு உட்காருவதற்கு இடம் விட்டு உள்ளே தள்ளி அறுக்க வேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருந்தது. பேசினை ஓட்டையில் வைத்தார். அது தொபுக்கென்று கீழே விழுந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், இன்னொரு பலகை இருக்குமா?"

"உங்களுக்குன்னே கடை வெச்சிருக்கேன் மாமா, எடுத்துக்குங்க."

பழைய கதவு ஒன்றிலிருந்து புதுப் பலகை அறுத்தோம். கீழே இரண்டு கேன்கள்: ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று அழுக்குத் தண்ணீருக்கு. தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வாங்கலாம் என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. தியேட்டரில் அக்கா குழாயைக் கையால் தொடவே மாட்டாளாம், காலால் மிதித்தால்தான் தண்ணீர் வருமாம். இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதையெல்லாம் இவர் காதில் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கே ஆச்சரியம். யாரோ பழைய படகிலிருந்து கழற்றிப் போட்ட மிதி பம்பு ஒன்று கடையில் கிடந்தது. அதைத் துடைத்துப் பொருத்தினோம். பேசினின் அடி இணைப்பில் தண்ணீர் கசிந்தது. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் போட்டோம். கசிவு நின்றது.

மாமா வேனைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிறுத்தினார். கதவைத் திறந்து வைத்துவிட்டு, அக்காவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் என் கடைக்கு ஓடி வந்துவிட்டார். எத்தனையோ கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தைத் திருப்பியவருக்கு, மனைவியின் முகத்தை நேரில் பார்க்கத் தைரியம் இல்லை.

"நீ ஒரு போன் போட்டுக் கேளேன் மச்சான்."

போட்டேன். அக்கா எடுத்தாள். பின்னால் ஏதோ இரைச்சல். "கை கழுவியாச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு" என்றாள். பட்டென்று லைன் அறுந்துவிட்டது.

"என்ன சொன்னா?" என்று மாமா கேட்டார். மென்று முழுங்கினேன். கடைசியில் சொல்லிவிட்டேன். "கை கழுவியாச்சாம் மாமா."

மாமா அங்கே கிடந்த தன் பழைய வேன் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் போனை எடுத்தார். வேனை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த காய்கறி வியாபாரி ஒருவர் உண்டு. "வந்து எடுத்துக்குங்க. இனி எனக்கெதுக்கு?" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அக்கா வேனுக்குள் நின்றிருந்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க ரெண்டு பேரும்?"

"நீதானே கை கழுவியாச்சுன்னு சொன்ன?" என்றேன்.

"ஆமா, கழுவியாச்சு. மூணு தடவ கழுவியாச்சு. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. ஈரக் கைல போன் வழுக்கி விழுந்துடுச்சு. இதுல என்னடா புரியல உனக்கு? தமிழ்லதானே சொன்னேன்?"

மாமா வேன் படியில் அப்படியே சாய்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. திடீரென்று அவர் துள்ளி எழுந்தார். "ஐயையோ, வண்டிய வித்துட்டேனே!"

"என்னது?" என்றாள் அக்கா.

வியாபாரியை மறுபடி கூப்பிட்டார். அந்த ஆள் திட்டியது எங்களுக்கும் கேட்டது. அவர் திட்டத் திட்ட மாமா, "ஆமாங்க, தப்புதாங்க, நல்லாக் கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே நின்றார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கை துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே அக்காவின் துணிப்பை இருந்தது. மாத்திரை டப்பா, கம்பளி, செருப்பு, எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தது.

"இத எப்ப வெச்ச?"

"போன வாரமே, ராத்திரி வண்டி வாசல்ல நின்னப்ப வெச்சுட்டேன்."

"போன வாரம் சிங்க்கே வேலை செய்யலியே?"

"செய்யாட்டியும் வந்திருப்பேன். ரெண்டு நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டுத் திரும்பி வந்திருப்போம்." அக்கா அவர் தோளில் கிடந்த துண்டையே உருவிக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத் திரும்பி வர என்ன அவசரம்?"

மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, பம்பை மிதித்து, அந்த சிங்க்கில் முகம் கழுவ ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழுவினார்.